சாரதியின் கண்

[சங்கத்தின் இளைஞர் ஒன்றுகூடலிலே நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்]



அறிவாலும் அனுபவத்தாலும் மூத்தோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையிலே, பட்டப்படிப்பை இன்னும் முடித்துக்கொள்ளாத மாணவனொருவன் எழுந்து பேசுவது துணிவுதான். அதிலும், முப்பது நாற்பது ஆண்டுகள் வண்டியோட்டியவர்கள் முன்வரிசையிலே இருக்க, வண்டியோட்டுவதைப்பற்றிப் பேச முன்வந்தது துணிவிலும் துணிவு. செயலாளர் அவர்கள் எனக்குத் தந்த தலைப்பு 'வீதி விபத்தும் இளைஞரும்' என்பது. வேகத்தைப்பற்றியும் மதுவைப்பற்றியும் எனக்கு முன் பேசியோர் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டார்கள். ஆகவே அவ்விரண்டையும் விட்டு, சாரதியின் கைக்கெட்டும் தூரத்திலே இருக்கும் சில சிறு பொருள்களைப்பற்றி மட்டும் பேச எண்ணுகிறேன். றேடியோவின் குமிழ், குளிரூட்டியின் ஆளி, புதிய வண்டிகளிலே காணும் தொடுதிரை, கண்ணாடியிலே ஒட்டிவைத்த கைத்தொலைபேசி ஆகியவையே அவை.

சாரதி என்ற சொல் நமக்குப் புதியதன்று. பார்த்தனுக்குச் சாரதியாய் அமர்ந்தவனுடைய பெயரை நம் பிள்ளைகளுக்கு இட்டு வழங்குகிறோம். அவன் அருச்சுனனுக்குச் செய்த உபதேசமோ பதினெட்டு அத்தியாயம். அவ்வளவு நீண்ட உரையாடலை அவன் தேரை ஓட்டிக்கொண்டே நடத்தவில்லை. இரு சேனைகளுக்கும் நடுவிலே தேரை நிறுத்திய பின்னரே நடத்தினான். இதற்கு ஆன்றோர் கூறும் உட்பொருள் வேறாக இருக்கலாம். நான் சாரதித் தொழிலின் நோக்கிலே மட்டும் சொல்கிறேன், பெரியோர் பொறுத்தருள்க.

நிற்க. வண்டிக்குள்ளே புதிதாக ஒன்றை வைத்தால் சாரதியின் கவனம் சிதறும் என்ற அச்சம் நேற்று முளைத்ததன்று. 1930ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் கல்வின் கம்பனியார் 'மோட்டரோலா' என்ற பெயரோடு காருக்குரிய றேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதனைச் சட்டத்தாலே தடுக்கவேண்டும் என்ற யோசனை அக்காலத்திலேயே அந்நாட்டின் சில பகுதிகளில் எழுந்தது. பாட்டிலே லயித்துச் சாரதி தெருவை மறப்பான் என்றனர் ஒரு சாரார். தூக்கம் வராமல் காக்கும் என்றனர் மறு சாரார். முடிவில் றேடியோ நிலைத்துவிட்டது. "அன்றும் இப்படித்தான் பயந்தார்கள்; உலகம் அழிந்துவிடவில்லையே" என்று என் வயதுத் தோழர்கள் சிலர் வாதிப்பதுண்டு. அந்த வாதத்தை இலேசாகத் தள்ளிவிடலாகாது. ஆனால் றேடியோ ஏன் நம்மோடு ஒத்துப்போயிற்று என்றும் கேட்கவேண்டுமல்லவா? அதற்கு இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்று ஓசையைக் கூட்டவும் குறைக்கவும், மற்றது நிலையத்தை மாற்றவும். அவை என்றும் ஒரே இடத்தில் இருந்தன. ஒரு கிழமை வண்டியோட்டியவனுடைய கை இருட்டிலும் அவற்றைத் தானே கண்டுபிடித்துவிடும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை.

நம் கோயில் திருவிழாக்களிலே நாதஸ்வரம் வாசிப்பவரைப் பாருங்கள். அவர் துளைகளைப் பார்த்தா வாசிக்கிறார்? கண் தவில்காரர்மேல் இருக்கும், அல்லது எதிரே வரும் சுவாமிமேல் இருக்கும். விரல் தன் வேலையைத் தான் பார்க்கும். நான் படித்த மிஷன் பாடசாலையின் ஆலயத்திலே ஓர்கன் வாசித்த ஆசிரியரும் அப்படியேதான். கண் இசைத்தாளை விட்டு அகலாது. இனி, ஒரு வித்துவானிடம் துளையே இல்லாத வழுவழுப்பான ஒரு குழாயைக் கொடுத்து, "துளைகளின் படம் இதன்மேல் வரையப்பட்டிருக்கிறது, படத்தைத் தொட்டால் ஸ்வரம் வரும், ஆனால் இராகம் மாறும்போது படங்களும் இடம் மாறும்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? குழாயைக் கண்ணுக்கு முன்னே பிடித்துக்கொண்டு, சுவாமி எங்கே போகிறார் என்பதையும் மறந்து நிற்பார். தொடுதிரை என்பது இதுவே.

இத்திரையும் பலர் நினைப்பதுபோல் அவ்வளவு புதியதன்று. 1986ஆம் ஆண்டிலேயே 'பியூக் ரிவியேரா' என்ற அமெரிக்கக் காரிலே தொடுதிரையைப் பொருத்தினார்கள். குளிரூட்டியும் றேடியோவும் அதற்குள்ளே போயின. வாங்கியவர்கள் விரும்பவில்லை, சில ஆண்டுகளிலே கம்பனியார் அதனைக் கைவிட்டனர். 2001இலே ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ. கம்பனியார் வேறொரு வழியைக் கண்டனர். பலபல ஆளிகளுக்குப் பதிலாக ஒரே குமிழ், அதனைத் திருகத் திருகத் திரையிலே பட்டியல் பட்டியலாக ஓடும். 2012இலே வந்த 'டெஸ்லா மொடல் எஸ்' காரிலோ 17 அங்குலத் திரை நடுவிலே நிமிர்ந்து நின்றது. அதைக் கண்டு ஏனைய கம்பனியாரும் போட்டிபோட்டுக்கொண்டு திரையைப் பெருப்பித்தார்கள். இதற்கு அழகு மட்டும் காரணமன்று. ஐம்பது ஆளிகளைச் செய்து, ஐம்பதுக்கும் கம்பி இழுத்துப் பொருத்துவதைக் காட்டிலும், ஒரு திரையை வைத்து எல்லாவற்றையும் அதற்குள் எழுதிவிடுவது மலிவு. வண்டி விற்ற பின்பும் உள்ளிருப்பதை மாற்றி எழுதலாம். கம்பனியாருக்கு மிச்சமாகும் அந்தப் பணத்துக்குரிய விலையைச் செலுத்துவது சாரதியின் கண்.

அந்த விலை எவ்வளவு என்று அளந்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் நூறு கார்களிலே சிறு கமராக்களைப் பொருத்தி, ஓராண்டுக்கு மேலாக அவற்றின் சாரதிகளைக் கவனித்து, 2006இலே முடிவை வெளியிட்டனர். நடந்த மோதல்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பதிலே, மோதலுக்கு முந்திய மூன்று விநாடிக்குள் சாரதியின் கவனம் தெருவிலே இருக்கவில்லை. கண் இரண்டு விநாடிக்கு மேல் தெருவை விட்டு விலகினால் ஆபத்து இரண்டு மடங்குக்குக் குறையாமல் உயருகிறது என்பதும் அங்கே கண்டதே. இரண்டு விநாடி என்பது ஒரு பொருட்டா என்று தோன்றலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலே செல்லும் வண்டி இரண்டு விநாடியிலே 33 மீற்றர் ஓடிவிடும். நம் ஊர்த் தெருக்களிலே 33 மீற்றருக்குள் எத்தனை படலைகள், எத்தனை ஒழுங்கைகள் என்று வீட்டுக்குப் போகும்போது எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிருவாகம் 2013இலே கம்பனிகளுக்கு ஒரு வழிகாட்டலை விடுத்தது. வண்டியிலுள்ள கருவி எதுவாயினும் ஒரு பார்வை இரண்டு விநாடிக்கு மேற்படலாகாது. ஒரு வேலையை முடிக்க எல்லாப் பார்வையும் சேர்ந்து பன்னிரண்டு விநாடிக்கு மேற்படலாகாது. இது சட்டமன்று, வெறும் வழிகாட்டல். அது எவ்வளவு தூரம் மதிக்கப்பட்டது என்பதற்கு ஒரு சான்று: 2017இலே அமெரிக்க மோட்டார்ச் சங்கத்தின் நிதியம், யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளரைக் கொண்டு அவ்வாண்டின் 30 வண்டிகளைப் பரிசோதித்தது. போகுமிடத்தின் பெயரைத் திரையிலே பதிவதற்குச் சராசரியாக 40 விநாடி பிடித்தது! பன்னிரண்டு எங்கே, நாற்பது எங்கே?

எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை சுவீடனில் ஒரு மோட்டார்ச் சஞ்சிகையார் 2022இலே செய்தது. அதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. நம் சங்கத்தவர்கூட ஒரு வெறும் மைதானத்திலே செய்துபார்க்கலாம். பழைய விமான ஓடுபாதையொன்றிலே மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்திலே வண்டியை ஓட்டச் செய்து, றேடியோவைக் குறித்த நிலையத்திற்கு மாற்று, வெப்பத்தைக் கூட்டு, விளக்கொளியைக் குறை என்பன போன்ற நான்கு சிறு வேலைகளைக் கொடுத்தார்கள். புதிய வண்டிகள் பதினொன்றும், அவற்றோடு ஒப்பிடுவதற்காக 2005ஆம் ஆண்டின் பழைய வொல்வோ ஒன்றும் கலந்துகொண்டன. பழைய வொல்வோவிலே ஆளிகளும் குமிழ்களும்தான். அதன் சாரதி நான்கு வேலையையும் பத்து விநாடியில் முடித்தார். வண்டி அதற்குள் 306 மீற்றர் ஓடியிருந்தது. புதிய வண்டிகளுள் மிகப் பின்தங்கியதற்கு 44.9 விநாடி பிடித்தது. அது ஓடிய தூரம் 1,372 மீற்றர். பதினேழு வயது நிரம்பிய பழைய வண்டியே முதலிடத்தைப் பெற்றது. வீட்டிலே பழைய கார் வைத்திருக்கும் பெரியோர் இதனைக் கேட்டு மகிழ்வார்கள்.

மதுவைப்பற்றிப் பேசமாட்டேன் என்றேன். ஒரே ஒரு வரி மட்டும். 2020இலே பிரித்தானியாவிலே இத்தகைய திரைகளைத் தொட்டு இயக்கும் சாரதிகளைப் பரிசோதித்தபோது, ஆபத்தைக் கண்டு செயற்பட எடுக்கும் நேரம் பாதிக்கு மேல் அதிகரித்தது. சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை மது அருந்தியவருக்கு அது நூற்றுக்குப் பன்னிரண்டுதான்.

"அப்படியானால் கையாலே தொடாமல் வாயாலே சொன்னால் போயிற்று, தொலைபேசியையும் காதிலே மாட்டிக்கொண்டால் கை இரண்டும் சுக்கானிலேயே இருக்குமே" என்று கேட்பீர்கள். இங்கேதான் விடயம் சிக்கலாகின்றது. 1997இலே கனடா நாட்டு ஆய்வாளர் இருவர், தொலைபேசியிலே பேசும் நேரத்தில் மோதல் நேரும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று கண்டனர். கையிற் பிடியாமற் பேசியோருக்கும் அதிலிருந்து விலக்கு இருக்கவில்லை. 2001இலே யூட்டா பல்கலைக்கழகத்தாரும் இதையே கண்டனர். கண் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் கண்டதை மனம் வாங்காது. வகுப்பிலே ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருந்து ஒன்றும் கேளாதிருக்கும் வித்தையை மாணவர் யாவரும் அறிவோம். குரலாலே கட்டளையிட்டு முடித்த பிறகுகூட, மனம் தெருவுக்கு முற்றாகத் திரும்பி வருவதற்குச் சில வேளைகளில் 27 விநாடி வரை செல்லலாம் என்பது 2015இலே வெளிவந்த இன்னோர் ஆய்வு.

பக்கத்திலே இருப்பவரோடு பேசுவதும் இதே குற்றமா? அதனையும் ஆராய்ந்திருக்கிறார்கள், 2008ஆம் ஆண்டின் ஆய்வு இல்லையென்கிறது. பக்கத்திலிருப்பவருக்குத் தெரு தெரிகிறது. லொறி எதிரே வந்தால் அவர் வாய் தானாக மூடிக்கொள்ளும்; சில வேளை "பார்த்து, பார்த்து!" என்று கத்தவும் செய்வார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கோ தெரு தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

அந்த மறுமுனையில் இருப்பவர் யார்? பெரும்பாலும் நாமே. கொழும்பிலிருந்து மகன் இரவோடிரவாக ஏ-9 வீதியிலே வண்டியை ஓட்டி வருகிறான். அம்மாவுக்கு நித்திரை வருமா? வவுனியா தாண்டிவிட்டாயா, மாங்குளம் வந்துவிட்டதா, சாப்பாட்டை மூடிவைக்கவா என்று அரைமணிக்கொரு தடவை அழைப்புப் போகும். கனடாவிலிருந்து அக்காவும் இடையிலே அழைப்பாள். அங்கே அது பகல் அல்லவா! அன்பினாலே செய்வதுதான். ஆனால் அவன் எடுக்காவிட்டால் பதறிப்போய் மேலும் நான்கு தடவை அழைப்பார்கள். அதனாலேயே அவன் எடுக்கிறான். ஓட்டுகிறவன் புறப்படும்போது ஒரு சொல், ஆனையிறவிலே வண்டியை நிறுத்தித் தேநீர் குடிக்கும்போது ஒரு சொல் என்று பேசிவைத்துக்கொண்டால் இருபக்கத்தாருக்கும் நிம்மதி. தாய்மார்கள் என்மேற் கோபிக்கலாகாது.

இனி, குற்றம் யாருடையது என்ற கேள்வி. ஜேர்மனியிலே ஒருவர் கடும் மழையிலே டெஸ்லா காரை ஓட்டிச் சென்றார். கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரின் வேகத்தை மாற்றத் திரையிலே தேடியபோது வண்டி வீதியை விட்டு விலகி மரங்களிலே மோதியது. 200 யூரோ அபராதமும் ஒரு மாதம் வண்டியோட்டத் தடையும் விதிக்கப்பட்டன. 2020இலே கார்ல்ஸ்ரூ மேல்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது: வண்டியிலேயே பொருத்திய திரையாயினும், தொலைபேசியைப் போன்ற சாதனமே, அதிலே கண்ணைச் செலுத்தினால் சாரதி பொறுப்பாளி. சட்டப்படி தீர்ப்புச் சரியாக இருக்கலாம். ஆனாலும் என் மனம் முற்றாக ஆறவில்லை. மழை வந்தால் வைப்பரின் வேகத்தை மாற்றாமல் ஓட்டமுடியுமா? அந்த வேகத்தைத் திரைக்குள்ளே ஒளித்துவைத்தவர் சாரதியல்லவே!

கடலிலும் இப்படி நடந்ததுண்டு. 2017 ஆகஸ்ட் மாதத்திலே சிங்கப்பூருக்கு அண்மையில் அமெரிக்கக் கடற்படையின் 'ஜோன் எஸ். மக்கெயின்' என்னும் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பலொன்றோடு மோதிப் பத்து மாலுமிகள் மாண்டனர். சுக்கானையும் இயந்திர வேகத்தையும் தொடுதிரையாலே கட்டுப்படுத்தும் கப்பல் அது. எந்தத் திரைக்கு எந்த அதிகாரம் மாறிவிட்டது என்பதே அந்த நெருக்கடியிலே மாலுமிகளுக்கு விளங்கவில்லை. போதிய பயிற்சியின்மையும் ஒரு காரணம் என்றனர் விசாரணை செய்தோர். ஆனால் கடற்படையார் பயிற்சியோடு நின்றுவிடவில்லை. திரையை நீக்கி, கையாலே பிடித்துத் தள்ளும் பழைய நெம்புகோலையே மீண்டும் பொருத்துவதென்று 2019இலே தீர்மானித்தார்கள்.

காரிலும் காற்றுத் திரும்பி வீசத் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பாவிலே புதிய வண்டிகளின் பாதுகாப்பை மதிப்பிடும் 'யூரோ என்கெப்' என்ற அமைப்பு, 2026 ஜனவரி முதல் ஒரு புதிய அளவுகோலை வைத்திருக்கிறது. திரும்பும் சைகை விளக்கு, ஆபத்து விளக்கு, ஹோண், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையாலே தொட்டு உணரத்தக்க தனி உறுப்பு இல்லாவிட்டால் புள்ளி குறையும். கம்பனியார் சிலர் தாமாகவே குமிழ்களைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தும் இருக்கின்றனர்.

அது ஐரோப்பாவின் கதை. நம் நாட்டுக்கு வரும் வண்டிகளிலே பெருந்தொகையானவை ஜப்பானிலே சில ஆண்டுகள் ஓடியவை. அவற்றின் திரையிலே தெரிவது ஜப்பானிய எழுத்து. ஏறி உட்கார்ந்து இயந்திரத்தை இயக்கியவுடனே ஒரு பெண்குரல் மிக மரியாதையாக ஏதோ சொல்லும். அது பெரும்பாலும் ஜப்பானிய நெடுஞ்சாலையின் கட்டண அட்டை செருகப்படவில்லை என்ற அறிவிப்பு! எழுத்துத் தெரியாத திரையிலே ஒன்றைத் தேடுகிறவனுக்கு எத்தனை விநாடி பிடிக்கும் என்பதை சுவீடன்காரரும் அளந்ததில்லை. 2020இலே நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலே திறந்துவிடப்பட்டபின், மேசைப் பலகை போன்ற பெரிய திரையோடு மின்சாரக் கார்களும் நம் தெருக்களிலே ஓடுகின்றன. தெருவோ பழைய தெரு. நடைபாதை இல்லாத ஓரத்திலே ரியூசனுக்குச் செல்லும் பிள்ளைகள் துவிச்சக்கர வண்டிகளில் இருவர் இருவராகப் போகிறார்கள். மாடு படுத்திருக்கிறது. காவலில்லாத ரயில் கடவைகள் வேறு. அங்கே கண்ணோடு காதும் வேண்டும். ஆனால் ஓட்டோக்களிலும் பஸ் வண்டிகளிலும் பாட்டின் ஓசை காதுக்கு இடமே வைப்பதில்லை. சாப்பாட்டுப் பொதியைக் கொண்டோடும் இளைஞர் மோட்டார் சயிக்கிளின் முன்னே தொலைபேசியைக் கட்டி, அதன் படத்தைப் பார்த்துப் பார்த்து வழி தேடுகிறார்கள். அவர்களிலே என் வகுப்புத் தோழரும் உண்டு. பிந்தினால் பணம் குறையும் என்ற பயத்தோடு ஓடுகிறவனைப் பார்த்து "திரையைப் பார்க்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்துக்கொரு முறை "எங்கே நிற்கிறீர்?" என்று அவனை அழைப்பவரும் நாமே அல்லவா?

கார் வாங்கப்போகும் தோழர்களுக்கு ஒரு பரிசோதனையைச் சொல்லித் தருகிறேன். கடையிலே நிற்கும் வண்டியில் ஏறி உட்காருங்கள். நேரே எதிர்ச் சுவரிலே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல், வைப்பரைப் போடுங்கள். கண்ணாடிப் புகாரை நீக்கும் காற்றைத் திருப்புங்கள். பாட்டின் ஓசையைக் குறையுங்கள். கை கண்டுபிடித்தால் வாங்கலாம். கண்ணைக் கூப்பிட்டால் விற்பவரிடம் அதனைச் சொல்லிவிட்டு இறங்குங்கள். ஏற்கெனவே திரையுள்ள வண்டியை வைத்திருப்போர் வழியையும் குளிரையும் பாட்டையும் படலைக்குள்ளேயே ஒழுங்குபடுத்திவிட்டு வெளியே இறங்கலாம். பக்கத்திலே ஒருவர் இருந்தால் திரையும் தொலைபேசியும் அவருடைய பொறுப்பு. சும்மா இருக்கும் மைத்துனருக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

கடைசியாகச் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் கதிர்காம யாத்திரைக்கு நாம் பஸ் வண்டி பேசுகிறோம். அத்தகைய வண்டிகள் பலவற்றிலே சாரதியின் தலைக்கருகே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. படம் பயணிகளுக்குத்தான். ஆனால் வசனம் சாரதிக்கும் கேட்கிறது. சிரிப்பு எழும்போது அவர் கண்ணாடியிலே ஒருதரம் பார்க்கத்தான் செய்வார், அவரும் மனிதரே. இரவிலே ஓடும் பயணம், ஐம்பது பேர், பெரும்பாலும் குடும்பங்கள். இவ்வாண்டு முற்பணம் கொடுக்கும்போதே, வண்டி ஓடும் நேரத்தில் முன்பக்கத் திரை மூடியிருக்கவேண்டும், படம் வேண்டுமானால் பின்பக்கத் திரை உள்ள வண்டியைத் தரவேண்டும் என்று எழுத்திலே கேட்டுக்கொள்ளும்படி நிருவாகக் குழுவினரை வேண்டுகிறேன். சாரதியின் தொலைபேசியை வைத்திருக்கவும், வீட்டிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தால் பதில் சொல்லவும் முன்னாசனத்திலே இளைஞர் பகுதியிலிருந்து முறைவைத்து ஒருவர் இருக்கலாம். முதல் முறைக்கு என் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.